பைக் ட்ரிப்புக்கு எந்தப் பை வாங்கலாம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

 

பைக் பயணம் பத்திப் பேச ஆரம்பிச்சதுல இருந்து இன்பாக்ஸ்ல வர்ற கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான். "ப்ரோ, டென்ட் எல்லாம் எடுத்துட்டு ட்ரிப் போறோம். எந்த பேக் வாங்கலாம்? நாப்பது லிட்டரா, அறுபது லிட்டரா? சேடில் பேக் நல்லதா, டாப் பாக்ஸ் நல்லதா?" இன்னைக்கு அதுக்குப் பதில் சொல்லிடறேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கதை இருக்கு. இதை இந்த நிகழ்ச்சியில இதுவரைக்கும் சொன்னதில்ல. சம்பந்தப்பட்ட நண்பன்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். "சொல்லுடா, நாலு பேருக்கு உபயோகப்படும். என் பேரை மட்டும் சொல்லாத"ன்னான்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, மார்கழி மாசம். சென்னையிலிருந்து நாலு பேர், நாலு பைக், கொல்லிமலை. மேலே தெரிந்தவர் ஒருவருடைய காபித் தோட்டத்தில் டென்ட் போட்டுக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தோம். (அனுமதி வாங்காம காட்டுக்குள்ள போய் டென்ட் போடக் கூடாது. அது சட்டப்படி குற்றம். அதுக்குத் தனியா ஒரு எபிசோடு போடறேன்.)

எனக்கு அதுதான் முதல் கேம்பிங். ஆன்லைன்ல ஆஃபர்ல வந்ததுன்னு 60 லிட்டர் பை ஒண்ணு வாங்கியிருந்தேன். பை பெருசா இருந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். காலி இடத்தைப் பார்த்தா கை சும்மா இருக்காது. மூணு ஜீன்ஸ் போட்டேன். கம்பளி, ஜமுக்காளம், ப்ளூடூத் ஸ்பீக்கர், அஞ்சு லிட்டர் தண்ணி கேன். அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதம் எவர்சில்வர் தூக்கோட உள்ள போச்சு. எல்லாத்தையும் பின்சீட்டு மேல வச்சு, அதுக்கு மேல டென்ட் பையையும் வச்சு, ரெண்டு பஞ்சி கயிறு போட்டு இழுத்துக் கட்டினேன். பஞ்சி கயிறு தெரியும்ல? ரெண்டு முனையிலும் கொக்கி வச்ச எலாஸ்டிக் கயிறு.

காலையில நாலு மணிக்குக் கிளம்பணும். நான் கட்ட ஆரம்பிச்சதே மூணே முக்காலுக்கு. நண்பன் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "மச்சி, டைட்டா இருக்குல்ல?"ன்னு கேட்டான். "இருக்குடா, வண்டிய எடு"ன்னேன்.

சேலம் வரைக்கும் நாலுவழிச் சாலை. ஒரு பிரச்சினையும் இல்ல. நாமக்கல் வழியா காரவள்ளி அடிவாரத்துக்கு வந்து டீ குடிச்சோம். கொல்லிமலைக்குப் போனவங்களுக்குத் தெரியும், அங்கிருந்து 70 கொண்டைஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்ட போர்டு இருக்கும். எண்ணிக்கிட்டே ஏறினோம். முப்பதைத் தாண்டின பிறகு ஒரு வளைவில், வண்டி சாய்ந்து திரும்பும்போது, ஒரு பள்ளத்தில் பின்சக்கரம் ஏறி இறங்கியது. கொக்கி ஒன்று கழன்றுவிட்டது. மேலே இருந்த டென்ட் பை ரோட்டில் விழுந்தது.

அது விழுந்ததே எனக்குத் தெரியாது. மூணு கிலோ பை விழுந்தா வண்டியில என்ன தெரியும்? நான் பாட்டுக்கு ரெண்டு வளைவு மேல போயிட்டேன். கண்ணாடியில பார்த்தா பின்னாடி யாரும் வரல. போட்டோ எடுக்க நின்னிருப்பானுங்கன்னு நினைச்சேன். அப்புறம்தான் கீழே இருந்து ஹாரன் சத்தம் கேட்டது. விடாம அடிச்சிட்டே இருந்தாங்க.

திரும்பி இறங்கிப் போனால், நண்பன் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தான். எனக்கு நேர் பின்னால் வந்தவன் அவன்தான். டென்ட் பை முன்சக்கரத்துக்கு நேராக உருண்டு வந்திருக்கிறது. வளைவில் பிரேக் பிடித்ததும் வண்டி சரிந்துவிட்டது. வேகம் இருபதுகூட இருந்திருக்காது. ஹெல்மெட், ஜாக்கெட், கிளவுஸ் எல்லாம் போட்டிருந்தான். ஆனாலும் தோள் முதலில் தரையில் அடித்ததால் இடது பக்கக் காறை எலும்பு முறிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மேலிருந்து ஒரு பெரியவர் எக்ஸ்எல் வண்டியில் வந்தார். வண்டியின் ரெண்டு பக்கமும் வாழைத்தார். அவர்தான் 108-க்குப் போன் பண்ணச் சொன்னார். நண்பனுடைய துண்டையே எடுத்துக் கையை மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டார். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் கூடவே நின்னார். அப்புறம் என் வண்டியைச் சுத்தி வந்து பார்த்தார். மிச்சமிருந்த மூட்டையைக் கையால் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். அது தொட்டில் மாதிரி ஆடியது.

"தம்பி, மூட்டைய ஆட்டினா வண்டியும் சேர்ந்து ஆடணும். மூட்டை மட்டும் ஆடுச்சுன்னா அது கட்டே இல்ல"ன்னார். அவர் வண்டியில சுத்தி வச்சிருந்த பழைய டயர் டியூப் வார் ரெண்டை எடுத்து, என் பையைச் சாய்த்துப் படுக்க வைத்து, குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினார். "பாரத்த உச்சாணியில ஏத்திட்டு மலை ஏறலாமா? தாழக் கட்டு. ரெண்டு பக்கமும் சமமாக் கட்டு." அவ்வளவுதான் சொன்னார்.

நண்பனுக்குத் தொழில் கல்யாண போட்டோகிராபி. மார்கழி முடிஞ்சு தை பிறந்தா முகூர்த்தம் வரிசையா வரும். வருஷத்துல அவன் சம்பாதிக்கிற காலம் அது. ஆறு வாரம் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தான். மூன்று கல்யாணத்துக்கு வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தான். இரண்டு கல்யாணத்தை வேறொரு நண்பரிடம் கொடுத்தான். அந்த ரெண்டுக்கும் நான் லைட் பிடிக்கப் போனேன். பணம் கொடுத்தா வாங்க மாட்டேன்னுட்டான். வேற என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல.

அவன் என்னைத் திட்டவே இல்லை. அவங்க அம்மாவும் திட்டல. வீட்டுக்குப் போனப்ப காபி கொடுத்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "ஏன் தம்பி, ஒரு மூட்டையக் கட்ட ரெண்டு நிமிஷம்கூட இல்லையா உனக்கு?"

அதுக்கு இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட பதில் கிடையாது. அதனால எந்தப் பை வாங்கலாம்னு நீங்க கேக்கும்போது, நான் உங்க வண்டிக்குப் பின்னாடி ஒருத்தன் வர்றான்னு நினைச்சுக்கிட்டுத்தான் பதில் சொல்லுவேன். நம்ம சாமான் நனையக் கூடாது, தொலையக் கூடாதுங்கறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

*முதல்ல எடை, அப்புறம் பை*

நாம எல்லாரும் பண்ற தப்பு, முதல்ல பையை வாங்கிடறோம். வரிசையைத் திருப்பிப் போடுங்க. எடுத்துட்டுப் போக நினைக்கிறதை எல்லாம் வீட்டுத் தரையில பரப்பி வைங்க. ஒவ்வொண்ணையும் எடை போடுங்க. சூட்கேஸ் தூக்கிப் பார்க்கிற சின்ன டிஜிட்டல் தராசு போதும். அது இல்லன்னா பழைய பேப்பர் கடை அண்ணன்கிட்ட கேளுங்க, சிரிச்சுக்கிட்டே போட்டுக் கொடுப்பார். ஆஸ்பத்திரியில இருந்து திரும்பி வந்த பிறகு நான் என் மூட்டையை அப்படித்தான் எடை போட்டுப் பார்த்தேன். டென்டைச் சேர்க்காமலே 23 கிலோ.

அடுத்தது, உங்க வண்டி எவ்வளவு தாங்கும்? வண்டியோட வந்த கையேட்டில் மொத்த எடை என்று ஒரு அளவு இருக்கும். வண்டி, ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர், சாமான் எல்லாம் சேர்த்து அதற்கு மேல் போகக் கூடாது என்பதுதான் அந்த அளவு. அதிலிருந்து பெட்ரோல் நிரப்பிய வண்டியின் எடையைக் கழிங்க. மிச்சம்தான் உங்களுக்கும் சாமானுக்கும். ஒரு கணக்குக்கு, மிச்சம் 160 கிலோன்னு வைங்க. நீங்க 75, பின்னாடி வர்றவங்க 60. ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் சேர்த்து ரெண்டு பேருக்கும் ஒரு 10 கிலோ. அப்ப சாமானுக்கு 15 கிலோதான் பாக்கி. 60 லிட்டர் பை வாங்கி என்ன பண்ணப் போறீங்க?

பாரம் ஏறினா வண்டியிலயும் ரெண்டு மூணு விஷயம் மாத்தணும். பின்டயர்ல காத்து எவ்வளவுன்னு கையேட்டில் இருக்கும். பல வண்டிகளில் செயின் கவர் பக்கத்திலோ ஸ்விங் ஆர்ம்லயோ ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கும். பாரத்தோட போகும்போது எவ்வளவுன்னு அதில் தனியா போட்டிருப்பாங்க. அந்த அளவு வைங்க. பின்பக்க ஷாக் அப்சார்பரை ஒன்றிரண்டு படி இறுக்கிக்கொள்ளலாம். தெரியலன்னா மெக்கானிக்கிட்ட கேளுங்க, அஞ்சு நிமிஷ வேலை. இதைச் செய்யலன்னா பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் தூக்கும். ஹெட்லைட் நேரா எதிர்ல வர்றவர் கண்ணுல அடிக்கும். ராத்திரி லாரிக்காரர் உங்களைத் திட்டினா அவர் மேல தப்பில்ல.

*எந்தப் பை எதுக்கு*

ஒவ்வொண்ணா வரேன்.

முதுகுல மாட்டற பை. காலேஜ் பையையே மாட்டிக்கிட்டுக் கிளம்பிடறோம். நூறு கிலோமீட்டர்ல தோள் வலி, இருநூறுல கழுத்து வலி. நம்ம ஊர் வெயில்ல முதுகு வேர்த்து ஊறிடும். விழுந்தா உள்ளே இருக்கும் லேப்டாப்போ, எவர்சில்வர் டப்பாவோ, ட்ரைபாடோ நேரா முதுகெலும்பில் குத்தும். முதுகில் தண்ணீர் பை மட்டும் இருக்கட்டும்.

டேங்க் பேக். பெட்ரோல் டேங்க் மேல உக்கார்ற சின்னப் பை. கேமரா, சார்ஜர், மருந்து, டோல்கேட்ல யாருக்காவது காட்ட வேண்டிய பேப்பர் எல்லாம் இதுக்குள்ள வைக்கலாம். எடை வண்டியின் நடுவில் இருப்பதால் ஓட்டுறதுக்கு வித்தியாசமே தெரியாது. வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. காந்தம் வச்ச பைன்னா உங்க டேங்க் இரும்பா இருக்கணும். பிளாஸ்டிக் மூடி போட்ட டேங்க்ல ஒட்டாது. இன்னொண்ணு, பையை வச்சுட்டு ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பிப் பாருங்க. பையில இடிச்சா, ஹாரன் தானா அமுங்கினா, அது உங்க வண்டிக்கு ஆகாது.

சேடில் பேக். வண்டியோட ரெண்டு பக்கமும் தொங்கற பை. எனக்குப் பிடிச்சது இதுதான். ஏன்னு நம்ம ஊர் பால்காரரைப் பார்த்தா புரியும். கேனைத் தலைக்கு மேல அடுக்கி எந்தப் பால்காரராவது போறதைப் பார்த்திருக்கீங்களா? ரெண்டு பக்கமும், தாழ்வா, சமமா தொங்கவிட்டிருப்பார். காலங்காத்தால பால் சிந்தாம போறதுக்கு அவருக்குத் தெரிஞ்ச இயற்பியல் அது. பாரம் எவ்வளவு தாழ இருக்கோ, வண்டி அவ்வளவு சொல்பேச்சு கேக்கும்.

ஆனா சேடில் பேக்ல ரெண்டு ஆபத்து இருக்கு. ஒண்ணு சூடு. பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர் வலது பக்கம். பை அதன் மேல் உரசினால் உருகி ஓட்டை விழும். உள்ளே இருக்கும் துணியில் தீ பிடித்த கதையெல்லாம் உண்டு. ரெண்டாவது சக்கரம். பை உள்பக்கமாக மடிந்து பின்சக்கரத்தில் மாட்டினால் சக்கரம் அங்கேயே நின்றுவிடும். இடது பக்கத்தில் சாரி கார்டு இருந்தால் அது பையைத் தடுக்கும். நம்மில் பலர் ஸ்டைலுக்காக முதலில் கழற்றி எறிவது அதைத்தான். அதனால் சேடில் பேக் வாங்கும்போதே அதைத் தாங்குகிற கம்பிச் சட்டமும் சேர்த்து வாங்குங்க. சேடில் ஸ்டேன்னு கேட்டா கொடுப்பாங்க. சென்னைன்னா ஜி.பி. ரோட்டுக் கடைகள்ல ஒரு நடை நடந்தா உங்க வண்டிக்கு ஏத்தது கிடைக்கும். பையை மாட்டி, நண்பனைச் சீட்ல உக்காரவச்சு, சைலன்சருக்கும் பைக்கும் நடுவுல உங்க உள்ளங்கை தாராளமா நுழையுதான்னு பாருங்க. ஆள் உக்காந்தா ஷாக் அமுங்கும், இடைவெளி மாறும். அதான் ஆளை உக்காரவச்சுப் பார்க்கச் சொல்றேன்.

டெயில் பேக். பின்சீட்டு மேல வைக்கிற பை. தனியாப் போறவங்களுக்கு நல்லது. இதுல லேசான, பருமனான சாமான் போகட்டும். ஸ்லீப்பிங் பேக், துணி, பாய். உயரமா நிக்கவைக்காதீங்க, படுக்கவைங்க.

அப்புறம் பெட்டி. அலுமினியம் பெட்டி, பிளாஸ்டிக் டாப் பாக்ஸ். பூட்டலாம், மழை புகாது, ஹோட்டல்ல அப்படியே கழட்டி எடுத்துட்டுப் போலாம். நல்ல ரோடு, நீண்ட பயணம், லாட்ஜ்ல தங்கறதுன்னா பெட்டி சொகுசு. ஆனா அதோட எடையே சில கிலோ. பக்கவாட்டுப் பெட்டிகள் வண்டியின் அகலத்தைக் கூட்டும். டிராஃபிக்ல ரெண்டு பஸ்ஸுக்கு நடுவுல ஹேண்டில்பார் நுழைஞ்சிடும், பெட்டி நுழையாது. மண்ரோட்டில் கால் ஊன்றும்போதோ, வண்டி சரியும்போதோ, கெட்டியான பெட்டிக்கும் தரைக்கும் நடுவில் கால் மாட்டிக்கொள்ளும். துணிப் பை கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கும், பெட்டி கொடுக்காது. மண்ரோடு அதிகம்னா நான் துணிப் பை பக்கம்தான்.

டாப் பாக்ஸ் பத்தி ஒரு வார்த்தை. அது பின்அச்சுக்கும் பின்னால், உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதில் கனமாக ஏற்றினால் முன்சக்கரம் லேசாகிவிடும். வேகத்தில் ஹேண்டில்பார் நடுங்க ஆரம்பிக்கும். அதனால் ஸ்பானர் செட்டையும் தண்ணி கேனையும் டாப் பாக்ஸ்ல போடாதீங்க. மழைக்கோட்டு, கிளவுஸ், முறுக்குப் பாக்கெட் போதும்.

*மழை*

"வாட்டர்ப்ரூஃப்"னு லேபிள்ல எழுதியிருந்தா நம்பிடாதீங்க. துணி தண்ணி விடாது. தையல் வழியாவும் ஜிப் வழியாவும்தான் தண்ணி உள்ள வரும். வண்டியில போகும்போது மழை மேலிருந்து பெய்யறதில்ல, எதிர்ல இருந்து அடிக்குது. பின்சக்கரம் கீழே இருந்தும் பீய்ச்சுது.

ஜிப்பே இல்லாம, வாயைச் சுருட்டி மடிச்சு க்ளிப் போடற பைகள் வருது. ரோல் டாப்னு சொல்லுவாங்க. தையலுக்குப் பதிலாக வெப்பத்தில் ஒட்டிய பைகள் இன்னும் நல்லது. வாயைக் குறைந்தது மூன்று சுருட்டாவது சுருட்டணும். அவ்வளவு சுருட்ட முடியலன்னா பை ரொம்ப நிரம்பிடுச்சுன்னு அர்த்தம். பெட்டியில் ஐபிஎக்ஸ் 4 என்று போட்டிருந்தால் தண்ணீர் தெளித்தால் தாங்கும். ஐபிஎக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். மணாலியிலிருந்து லே போகிற பாதையில் ரோட்டுக்குக் குறுக்கே ஓடைகள் ஓடும், வண்டியோடு இறங்கித்தான் கடக்கணும். அப்படிப்பட்ட பயணத்துக்கு ரெண்டாவது வகை வேணும். நம்ம ஐப்பசி மழைக்கு முதல் வகையோட உள்ளே ஒரு பெரிய பாலித்தீன் கவர் போதும்.

வீட்டிலேயே சோதிச்சுப் பாருங்க. பைக்குள்ள பழைய நியூஸ்பேப்பர் போட்டு மூடி, ஷவருக்கு அடியில பத்து நிமிஷம் வைங்க. பேப்பர் எங்க நனைஞ்சிருக்கோ அங்கதான் ஓட்டை. பைக்கு மேல போடற ரெயின் கவர் பத்தி மட்டும் ஒரு எச்சரிக்கை. காத்துல படபடன்னு அடிச்சுக் கழண்டு பறந்துடும். அப்ப அது எங்க போகும்? பின்னாடி வர்றவன் ஹெல்மெட்டுக்குத்தான் போகும்.

*கட்டறது*

இப்ப முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். நல்ல பை வாங்கி மோசமாக் கட்டினா ஆபத்து. சாதாரண பையை நல்லாக் கட்டினா ஒண்ணும் ஆகாது.

பஞ்சி கயிற்றை மட்டும் நம்பாதீங்க. அது இழுபடறதுக்காகவே செஞ்ச பொருள். குலுங்கக் குலுங்கத் தளரும். கொக்கி வேற. கட்டும்போது கை நழுவினால் கண்ணில் பாயும். வழியில் கழன்றால் சக்கரத்தைத் தேடிப் போகும். இழுபடாத நாடாவும் பக்கிளும் உள்ள பட்டை வாங்குங்க. குறைஞ்சது ரெண்டு பட்டை, ஒண்ணை ஒண்ணு சார்ந்திருக்காம தனித்தனியாக் கட்டணும். ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு பிடிச்சிருக்கும். எனக்கு அன்னைக்கு ஒரு கொக்கி கழண்டதும் எல்லாமே தளர்ந்துபோச்சு.

எதில் கட்டறோங்கறதும் முக்கியம். சீட்டுக்கு அடியில் போகும் இரும்புச் சட்டம், பின்சீட் கைப்பிடி, கேரியர் மாதிரி உறுதியான இடங்களில், நாலு மூலையில் கட்டணும். இண்டிகேட்டர்ல கட்டாதீங்க. நம்பர் பிளேட் தகட்டுல கட்டாதீங்க. பட்டையின் மிச்ச நுனியைத் தொங்கவிடாதீங்க. சுருட்டி முடிச்சுப் போட்டுச் செருகுங்க. தொங்கற நுனிக்குச் செயின்தான் சொந்தக்காரன், இழுத்துக்கிட்டுப் போயிடும்.

கட்டி முடிச்சதும் பெரியவர் சொன்ன சோதனை. பையைப் பிடிச்சு நல்லா ஆட்டுங்க. வண்டி சேர்ந்து ஆடணும். அப்புறம் பத்தடி பின்னாடி போய் நின்னு பாருங்க. பிரேக் லைட், ரெண்டு இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எல்லாம் தெரியுதா? பின்னாடி வர்றவனுக்கு நீங்க பேசற மொழி அந்த மூணு விளக்குதான். அதைப் போர்வையால மூடிடாதீங்க.

கிளம்பி இருபது கிலோமீட்டர்ல ஒரு தடவை நிறுத்துங்க. குலுங்கினதுல சாமான் அமுங்கியிருக்கும், பட்டை தளர்ந்திருக்கும். மறுபடி இழுங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு டீக்கும் ஒரு தடவை கை வச்சுப் பாருங்க. மலை ஏறும் முன்னாடி கட்டாயம் பாருங்க. காரவள்ளியில டீ குடிச்சோம்னு சொன்னேன்ல? அங்க நான் கை வச்சே பார்க்கல. பையைப் பின்னாடி வச்சு நாலு போட்டோ மட்டும் எடுத்தேன்.

கூட்டமாப் போறவங்களுக்கு இன்னொண்ணு. முன்னாடி போற வண்டி ஒரு மரத்தைக் கடந்து குறைஞ்சது மூணு நொடி கழிச்சு நீங்க அந்த மரத்தைக் கடக்கணும். முன்னாடி இருந்து எது விழுந்தாலும் பிரேக் பிடிக்க நேரம் கிடைக்கும். நண்பன் எனக்கு ரொம்பப் பக்கத்துல வந்தது உண்மைதான். ஆனா நான் இறுக்கமாக் கட்டியிருக்கேன்னு நம்பித்தானே வந்தான்.

*இப்ப என்கிட்ட என்ன இருக்கு*

கேப்பீங்கன்னு தெரியும், சொல்லிடறேன். மூணு நாள் கேம்பிங்குக்கு என் மொத்தப் பாரம் இப்போ 14 கிலோ. டென்ட் இரண்டரை, ஸ்லீப்பிங் பேக் ஒண்ணேகால், பாய் அரை, துணி இரண்டரை. சின்ன கேஸ் அடுப்பும் ஒரு பாத்திரமும் சேர்த்து ஒரு கிலோ. டூல்ஸ், பஞ்சர் கிட், காத்தடிக்கிற பம்ப் ரெண்டு. தண்ணி மூணு லிட்டர், மழைக்கோட்டு ஒரு கிலோ, முதலுதவிப் பை கால் கிலோ. ஜமுக்காளம் வீட்டிலேயே இருக்கு. புளிசாதம் மட்டும் வரும், தூக்குல இல்ல, வாழையிலையில.

இடது சேடில் பேக்கில் டூல்ஸ், அடுப்பு, கேஸ், டென்ட் கம்பிகள். சூடு இல்லாத பக்கம் என்பதால் கேஸ் அங்கேதான். வலது பக்கம் தண்ணியும் கொஞ்சம் துணியும். ரெண்டும் நாலு கிலோவுக்குப் பக்கத்தில். தண்ணி குடிக்கக் குடிக்க அந்தப் பக்கம் லேசாகும், அதனால் டீக்கடையில் நிரப்பிக்கொள்வேன். மிச்சத் துணி, ஸ்லீப்பிங் பேக், பாய், டென்ட் துணி எல்லாம் சுருட்டி மூடற டெயில் பேக்ல, சீட்டு மேல படுத்த வாக்குல. மழைக்கோட்டு எல்லாத்துக்கும் மேல, அவசரத்துக்கு எடுக்கற மாதிரி. அதை மட்டும் வலை போட்டுப் பிடிச்சு வைப்பேன். முதலுதவி டேங்க் பேக்ல. அன்னைக்கு என் முதலுதவிப் பை எங்க இருந்தது தெரியுமா? 60 லிட்டர் பையோட அடியில, மூணு ஜீன்ஸுக்கும் கீழ.

பணம் கம்மியா இருந்தா எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்காதீங்க. முதல்ல நல்ல பட்டை ரெண்டு வாங்குங்க. அப்புறம் சேடில் ஸ்டே. பையை முதல் ட்ரிப்புக்கு யார்கிட்டயாவது கடன் கேளுங்க. வீட்டுக்கு வந்ததும் தொடாத சாமானை எல்லாம் தனியா எடுத்து வைங்க. அந்தக் குவியலைப் பார்த்தாலே எத்தனை லிட்டர் பை வேணும்னு தெரிஞ்சிடும்.

முடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. போன வருஷம் அதே நாலு பேரும் மறுபடி கொல்லிமலைக்குப் போனோம். அவன்தான் கூப்பிட்டான். காரவள்ளியில் அதே கடையில் டீ. நான் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவன் தன் கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு என் வண்டிகிட்ட வந்தான். ஒண்ணும் பேசல. என் டெயில் பேக்கை ரெண்டு கையாலும் பிடிச்சு ஓங்கி ஒரு ஆட்டு ஆட்டினான். வண்டி மொத்தமும் ஸ்டாண்டோட சேர்ந்து ஆடுச்சு. ரெண்டு சேடில் பேக்கையும் அப்படியே ஆட்டிப் பார்த்தான். குனிஞ்சு பட்டை நுனியைப் பார்த்தான்.

"சரி, நீ முன்னாடி போ"ன்னான்.

எழுபது வளைவும் அவன்தான் எனக்குப் பின்னாடி வந்தான்.

அவ்வளவுதான் மக்களே. நீங்க கட்டின மூட்டையைப் பின்னாடி இருந்து போட்டோ எடுத்து அனுப்புங்க. முன்னாடி இருந்து வேணாம். விளக்கு மூணும் தெரியுதான்னு பார்த்துட்டு நான் பதில் போடறேன். அடுத்த எபிசோடுல காட்டுப் பகுதியில எங்க டென்ட் போடலாம், யார்கிட்ட அனுமதி கேக்கணும்னு பேசலாம். பத்திரமாப் போயிட்டு வாங்க. பின்னாடி வர்றவங்களும் பத்திரமா வரட்டும்.